பண்ணை வீட்டுக்கு ஜன்னலும் கதவும்: தென்னாப்பிரிக்காவில் முதல்முறை வீடு கட்டுகிறவர்களுக்கு

தகர ஓட்டுக் கூரை, சுற்றிலும் ஸ்டூப் (கூரை போட்ட திண்ணை), சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டம் போட்ட ஜன்னல், பாதியாகத் திறக்கும் சமையலறைக் கதவு. க்வாசூலு-நட்டாலில் கரும்புக்காட்டு ஓரத்திலோ மிட்லண்ட்ஸ் பக்கமோ இப்படி ஒரு வீட்டைக் கட்டவோ, பழையதை வாங்கிப் புதுப்பிக்கவோ இறங்கியிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வேலையைத் தலைகீழாகச் செய்வது. படம் பார்த்து ஜன்னல் பிடித்துப்போகிறது, கடையில் முன்பணம் கட்டியாகிறது, அதற்குப் பிறகுதான் வரைபடம் நகராட்சிக்குப் போகிறது. அங்கே "இந்தக் கண்ணாடி போதாது", "இந்த அறைக்குக் காற்று போதாது" என்று திரும்பி வரும்போது ஜன்னல் பட்டறையில் பாதி தயாராகியிருக்கும். அழகைக் கடைசியில் பாருங்கள். கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டியிருக்காது.

1. முதலில் வீட்டின் வயதைப் பாருங்கள்

புதிதாகக் கட்டுகிறவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். பழைய வீடு வாங்கியவர்கள் நில்லுங்கள்.

1999-ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளச் சட்டம் (25-ஆம் எண்), 34-ஆம் பிரிவின்படி, 60 வயது தாண்டிய எந்தக் கட்டடத்திலும் அனுமதியில்லாமல் எதையும் மாற்றக்கூடாது. ஜன்னலைப் பெயர்ப்பதும் மாற்றம்தான். வீடு நினைவுச்சின்னமாக இருக்க வேண்டும் என்றில்லை, 60 வயது ஆனாலே போதும். க்வாசூலு-நட்டாலில் இந்த அனுமதியைத் தருவது மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமாஃபா. நகராட்சியில் பழைய வரைபடம் இருந்தால் அதிலிருக்கும் தேதி வயதுக்குச் சான்று. இல்லையென்றால் பத்திரமும் பழைய புகைப்படங்களும் கைகொடுக்கும். இந்த அனுமதி கையில் வரும் முன் எந்தப் பட்டறைக்கும் முன்பணம் தராதீர்கள்.

பழைய மேல்கீழ் நழுவும் ஜன்னல் திறக்கவில்லை என்றதும் "உளுத்துப்போச்சு, புதுசு போடு" என்பார்கள். பாதி வீடுகளில் மரம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே எடைக்கட்டியைத் தாங்கும் கயிறு அறுந்திருக்கும், அல்லது அடுக்கடுக்காக அடித்த பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ்ச்சட்டத்தின் மூலைகளில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால்தான் மரம் போயிற்று. இறங்காவிட்டால் கயிறு மாற்றிப் பெயின்ட் சுரண்டினால் போதும். புது ஜன்னலோடு பார்த்தால் அது சிறு செலவு.

2. வெயில் வடக்கிலிருந்து வருகிறது

ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் மறக்கவேண்டிய பாடம் இது. தமிழ்நாட்டில் தெற்குச் சுவர் காயும். இங்கே காய்வது வடக்குச் சுவர். தெற்குப் பக்க அறை குளிர்காலம் முழுவதும் ஈரவாடை அடிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த வரைபடத்தை அப்படியே கட்டினால் ஜூலையில் புரியும்.

டர்பன் ஏறக்குறைய தெற்கு 30 பாகையில் இருக்கிறது. நடுக்கோடையில் உச்சிவெயில் 83 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். நடுக்குளிரில் 36.5 பாகைதான். இதை வைத்து இறவாணத்தைக் கணக்கிடலாம். வடக்குச் சுவரில் இறவாணம் 600 மி.மீ. வெளியே நீண்டால், குளிர்கால நண்பகலில் நிழல் சுமார் 440 மி.மீ.தான் கீழே இறங்கும். ஜன்னலின் மேல்விளிம்பை இறவாணத்துக்கு 450 மி.மீ. கீழே வைத்தால் முழு ஜன்னலுக்கும் வெயில் கிடைக்கும். கோடையில் அதே இறவாணம் ஜன்னலை முழுதாக மறைத்துவிடும்.

ஸ்டூப் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வடக்கில் 2.4 மீட்டர் அகல ஸ்டூப், அதன் கூரை விளிம்பு தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம் என்று வையுங்கள். குளிர்கால நண்பகலில் அந்த நிழல் 1.78 மீட்டர் இறங்கும். சுவரில் வெயில் படுவது தரையை ஒட்டிய 42 சென்டிமீட்டர் மட்டும். எவ்வளவு பெரிய பிரெஞ்சுக் கதவு வைத்தாலும் உள்ளே இருட்டுதான். ஸ்டூப்பைக் கிழக்குக்குத் திருப்புங்கள், அல்லது வடக்கில் வீட்டின் பாதி நீளத்துக்கு மட்டும் போடுங்கள், அல்லது ஸ்டூப் கூரைக்கு மேலே உயரத்தில் சிறு ஜன்னல் வரிசை விடுங்கள்.

மேற்கு வெயிலை எந்த இறவாணமும் தடுக்காது, சாய்ந்து நேராக உள்ளே வரும். மேற்கில் ஜன்னல் சிறிதாக இருக்கட்டும், வெளியே மரப்பலகை ஷட்டரோ மரமோ இருக்கட்டும்.

மழை வேறு கதை. நட்டால் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும், மழையை அடித்துக்கொண்டு வருவது தென்மேற்குக் காற்று. அந்தச் சுவரில் கீழே கீல் வைத்த ஜன்னலோ, ஸ்டூப் இல்லாத மரக்கதவோ வைக்காதீர்கள். கேப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு மழை குளிர்காலத்தில், வடமேற்கிலிருந்து.

3. அறைவாரியாகக் கணக்குப் போடுங்கள்

கட்டட விதிகளின் தொகுப்பு சான்ஸ் 10400. அதில் 'ஓ' (O) பகுதி வெளிச்சம், காற்று பற்றியது. மக்கள் புழங்கும் அறையில் ஜன்னல் திறப்புகளின் பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருக்கவேண்டும். அதில் உண்மையாகத் திறந்து காற்று வரும் பகுதி 5 சதவீதம். எவ்வளவு சிறிய அறையானாலும் இரண்டும் 0.2 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது.

ஒரு படுக்கையறை 4.2 × 3.6 மீட்டர் என்றால் 15.12 ச.மீ. வெளிச்சத்துக்கு 1.51 ச.மீ., காற்றுக்கு 0.76 ச.மீ. தேவை. கடையில் கிடைக்கும் 1200 × 1200 ஜன்னல் 1.44 ச.மீ.தான், மயிரிழையில் தோற்றுவிடும். 1500 × 1200 போட்டால் 1.8 வரும், அதில் பாதி திறந்தால் 0.9, போதும். இந்த மயிரிழைக்காகத்தான் வரைபடங்கள் திரும்பி வருகின்றன.

கூடிப்போனாலும் தொல்லை. எரிசக்தி பற்றிய எக்ஸ்.ஏ. பகுதியில், ஒரு மாடியின் நிகரத் தரைப்பரப்பில் கண்ணாடித் திறப்புகள் 15 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணாடி, நிழல் பற்றித் தனிக் கணக்கு கேட்பார்கள். 120 ச.மீ. வீட்டுக்கு 15 சதவீதம் என்பது 18 ச.மீ. 1800 × 2100 கண்ணாடிக் கதவு ஒன்று 3.78 ச.மீ. நான்கு வைத்தால் 15.12 போய்விடும், மிச்ச வீட்டுக்கே 3 ச.மீ.கூட இல்லை. ஸ்டூப்புக்கு இரண்டு கதவு போதும்.

4. எந்த வகை எங்கே

கட்டம் போட்ட கீல் ஜன்னல்தான் இந்தப் பாணிக்கு அடையாளம். கட்டங்களை உண்மையான சட்டமாகச் செய்தால் ஒவ்வொரு கண்ணாடியும் தனி, உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். கண்ணாடிமேல் ஒட்டும் போலிப் பட்டை மலிவு, ஆனால் வெயிலில் பசை விட்டுவிடும். ஒட்டும் வகைதான் வாங்குகிறீர்கள் என்றால் உள்ளும் புறமும் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது பொய் என்று தெரிந்துவிடும்.

வெளியே திறக்கும் கீல் ஜன்னலையும் வெளியே திறந்துமூடும் ஷட்டரையும் ஒரே திறப்பில் சேர்க்காதீர்கள். ஜன்னல் திறந்திருந்தால் ஷட்டரை மூட முடியாது, மழையில் நனைந்துகொண்டு கைநீட்ட வேண்டும். ஷட்டர் வேண்டும் என்றால் மேல்கீழ் நழுவும் ஜன்னல், அல்லது உள்ளே திறக்கும் ஜன்னல்.

சமையலறைக்குப் பாதிக்கதவு அழகு. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மேல்பாதி கீழ்பாதிமேல் படிந்து உட்காரவேண்டும், வெளிப்பக்கம் நீர்வடிப் பட்டை இருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் தண்ணீர் உள்ளே வரும். எப்படியும் அதைக் கூரைக்கு அடியில் மட்டும் வையுங்கள். பாதிக்குப் பாதி தனித் தாழ்ப்பாள் வேண்டும். கீழ்பாதி கோழியைத் தடுக்கும். குரங்கைத் தடுக்காது.

உள்கதவின் வழக்கமான அளவு 813 × 2032 மி.மீ. நிலை வாங்கும்போது 115, 230 என்று கேட்பார்கள், அது ஒற்றைச் செங்கல் சுவரா இரட்டைச் செங்கல் சுவரா என்பது. அலுமினிய ஜன்னலில் பி.டி. 1209 என்று எழுதியிருந்தால் அகலம் 1200, உயரம் 900. பழைய பண்ணை வீட்டுத் திறப்புகள் எதுவும் இந்த அளவுகளில் இருக்காது. சுவரை உடைத்து ஜன்னலுக்கு ஏற்ப மாற்றுவதைவிட, ஜன்னலைத் திறப்புக்கு ஏற்பச் செய்யச் சொல்வதே மலிவாக முடியும்.

5. மரம், அலுமினியம், இரும்பு

மரம் என்றால் பெரும்பாலும் மெராண்டி. பண்ணை வீட்டுக்கு அதுதான் பொருந்தும், பராமரிக்க மனமிருந்தால் நெடுநாள் நிற்கும். கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: கதவின் அடி விளிம்பும் மேல் விளிம்பும். பட்டறையிலிருந்து கதவு பூச்சில்லாத வெறும் மரமாக வரும். தச்சர் தொங்கவிட்ட பிறகு பெயின்டர் வந்து கண்ணுக்குத் தெரியும் பக்கங்களுக்கு வார்னிஷ் அடிப்பார். அடியில் இழைப்புளி பட்ட மரம் அப்படியே திறந்திருக்கும். ஸ்டூப்பைக் கழுவும் தண்ணீர் அதன் வழியே மேலே ஏறும், கீழ்ப்பலகை உப்பும், கதவு இறுகும், தச்சர் வந்து இன்னும் கொஞ்சம் இழைத்துவிட்டுப் போவார், மறுபடி வெறும் மரம். தயாரிப்பாளர் உத்தரவாதமும் அதோடு செல்லாது. அதனால் ஆறு பக்கமும் இரண்டு பூச்சு, தொங்கவிடும் முன். பூட்டுக்கும் கீலுக்கும் வெட்டிய பள்ளங்களுக்கும் சேர்த்து. தொங்கவிட்டபின் போன் கேமராவை இயக்கிக் கதவுக்கு அடியில் நீட்டிப் படம் எடுங்கள். வெளிறித் தெரிந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

வடக்குச் சுவர்க் கதவுக்குக் கரும்நிறம் வேண்டாம், சூடேறிப் பலகை வெடிக்கும். வெளிக்கதவுக்கு மூன்று கீல். கிழக்கு வாசல்தான் வேண்டும் என்றால், கரையோர ஊர்களில் அது கடற்காற்றுக்கு நேராக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டோங்காட், ஸ்டேங்கர், அம்சிண்டோ பக்கம் பித்தளை அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் மட்டும். 304 ரகம் டீக்கறை மாதிரி பழுப்பேறும். தலைவாசல் நிலையில் தோரணம் கட்ட இரண்டு பித்தளைக் கொக்கியை வார்னிஷ் அடிக்கும் முன்பே திருகிவிடுங்கள். பிறகு பொங்கலுக்குப் பொங்கல் ஆணி அடித்தால் ஒவ்வோர் ஓட்டையும் தண்ணீர் குடிக்கும்.

அலுமினியத்துக்குப் பராமரிப்பு குறைவு, இல்லவே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். கரையோரம் என்றால் கொட்டேஷனிலேயே கடலோரத்துக்கு ஏற்ற முன்சுத்திகரிப்பும் பவுடர் கோட்டிங்கும் என்று எழுதி வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இரும்புச் சட்ட ஜன்னல் பழைய பண்ணை வீடுகளில் நிறைய உண்டு, மெல்லிய சட்டம், பார்க்க நன்றாக இருக்கும். உள்நாட்டில் சரி, கடல் தெரியும் தூரத்தில் வேண்டாம்.

6. கண்ணாடி

இதில் பேரம் பேச முடியாது. சான்ஸ் 10400-இன் 'என்' (N) பகுதி சொல்லும் தடிமன்: நான்கு பக்கமும் சட்டம் பிடித்த சாதாரணக் கண்ணாடி 3 மி.மீ. என்றால் 0.75 ச.மீ. வரை, 4 மி.மீ. 1.5 வரை, 5 மி.மீ. 2.1 வரை, 6 மி.மீ. 3.2 வரை.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமான இடங்கள்: கண்ணாடிக் கதவும் அதன் பக்கக் கண்ணாடியும், தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் கீழே இறங்கும் ஜன்னல், குளியல் தொட்டிக்கோ ஷவருக்கோ 1800 மி.மீ.க்குள் வரும் ஜன்னல், மாடிப்படி ஓரம். நடந்துபோகும் வழியில் நேரெதிரே இருந்து தடுப்பும் இல்லையென்றால் 500 என்பது 800 ஆகும். தரையோடு தரையாக ஜன்னல் கேட்கிறவர்கள் இந்தக் கூடுதல் செலவை மறந்துவிடுகிறார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வகை. டஃபன்ட் (சூடேற்றி வலுவாக்கியது) உடைந்தால் சிறு துண்டுகளாகக் கொட்டும், செய்தபின் அறுக்க முடியாது, அளவு தவறினால் குப்பைதான். 6.38 மி.மீ. லேமினேட் (நடுவே படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி) உடைந்தாலும் இடத்திலேயே நிற்கும், திருடனுக்கும் சிரமம், சோபாத் துணி வெளுப்பதையும் குறைக்கும். கதவுக்கும் தரைமட்ட ஜன்னலுக்கும் லேமினேட்டையே எடுங்கள்.

ஒரு பொறி: லேமினேட்டை ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி வைத்து மரச்சட்டத்தில் பதிப்பது. எண்ணெய் உள்ளே இருக்கும் படலத்தைத் தின்று, ஓரம் பால்நிறமாகும். மரப்பட்டையும் நியூட்ரல் சிலிக்கானும் போடச் சொல்லுங்கள். பதிக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அது தவறான சிலிக்கான், நிறுத்துங்கள்.

7. கம்பி, வலை, குரங்கு

கம்பி போடாத வீடு இங்கே அபூர்வம். காப்பீட்டுப் பத்திரத்தில் எந்த ஜன்னலுக்குக் கம்பி, எந்தக் கதவுக்குக் கம்பிக்கதவு என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். படுக்கையறைதோறும் ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், தீப்பிடித்தால் அதுதான் வழி. வெளியே திறக்கும் ஜன்னலுக்குக் கம்பி உள்ளே வரும், அதற்குள்ளே கொசுவலையும் வந்தால் கைப்பிடி எட்டாது. சுருட்டும் வலை வாங்குங்கள். சமையலறைக்குத் துணிவலை போதாது, வெர்வெட் குரங்கு ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஸ்டெயின்லெஸ் வலை.

8. காகிதங்கள்

திறப்பின் அளவை மாற்றாமல் அதே அளவில் புது ஜன்னல் போட்டால் வேலை எளிது. திறப்பைப் பெரிதாக்கினாலோ புதிதாகச் சுவரை வெட்டினாலோ 1977-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சட்டப்படி (103-ஆம் எண்) நகராட்சி ஒப்புதல் வேண்டும். பண்ணை நிலம் என்றாலும் விலக்கில்லை.

கையில் இருக்கவேண்டியவை: நிலப்பத்திர நகல், நில அளவைத் துறை வரைபடம், சாக்காப்பில் (கட்டடக்கலைத் தொழில் மன்றம்) பதிவான வரைவாளர் போட்ட வரைபடம், அதில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும் எண், அளவு, திறக்கும் பகுதி, கண்ணாடி வகை எழுதிய அட்டவணை, எக்ஸ்.ஏ. கணக்கு, பெரிய திறப்பு என்றால் பொறியாளர் நியமனப் படிவம், பழைய வீடென்றால் அமாஃபா அனுமதி. அந்த அட்டவணைதான் உயிர். பட்டறைக்கும் நகராட்சிக்கும் ஒரே அட்டவணை போகவேண்டும்.

500 ச.மீ.க்குக் குறைந்த கட்டடத்துக்கு முடிவு சொல்ல நகராட்சிக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள், பெரியதென்றால் 60. ஒப்புதல் 12 மாதம் செல்லும், அதற்குள் வேலை தொடங்கவேண்டும். கட்டணங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று மாறும், ஜூனில் தயாராக இருந்தால் ஜூனிலேயே கட்டிவிடுங்கள். புது வீடென்றால் வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பு என்.எச்.பி.ஆர்.சி. (வீடு கட்டுநர் பதிவு மன்றம்) பதிவு, அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள்.

9. கொட்டேஷனும் பணமும்

மூன்று இடத்தில், அந்த ஒரே அட்டவணையைக் கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் மூன்றும் மூன்று வேறு பொருளுக்கான விலையாக இருக்கும். 15 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். ஒரு லட்சம் ராண்ட் என்று கீழே எழுதியது 1,15,000 ஆகலாம். கண்ணாடி, பூட்டு, கீல், வண்டிக்கூலி, பொருத்தும் கூலி, பழையதை அகற்றுவது ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும்.

பாதிப்பணம் முன்பணமாகக் கேட்பது வழக்கம். மீதியில் ஒரு பங்கையாவது பொருத்தி முடித்து, தண்ணீர் அடித்துப் பார்த்தபின் தருவதாக எழுதுங்கள். அளவெடுப்பது யார் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். நீங்கள் கொடுத்த அளவு தவறினால் நட்டம் உங்களுடையது, சொல்லிச் செய்த ஜன்னலை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. பொருளே குறையுள்ளது என்றால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் உங்கள் பக்கம் நிற்கும்.

கடையில் இருக்கும் அளவு சில நாளில் வரும். செய்யச் சொன்னால் வாரக்கணக்கு, மரம் என்றால் அதைவிட அதிகம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை கட்டடத் தொழிலே விடுமுறைக்குப் போய்விடும். அக்டோபர் தாண்டிக் கொடுத்த ஆர்டர் புத்தாண்டுக்குப் பிறகுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

10. அளவெடுப்பதும் பொருத்துவதும்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்தில் அளந்து, ஒவ்வொன்றிலும் சிறியதை எடுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. அவை இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் திறப்பு கோணல். அலுமினியச் சட்டம் திறப்பைவிடப் பக்கத்துக்கு 10 மி.மீ. சிறிதாக இருக்கட்டும், அந்த இடைவெளியை ஆப்பும் சீலன்ட்டும் நிரப்பும்.

ஜன்னலுக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். பூசியபின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, இரண்டாவது கோடையில் பெயின்ட் உப்பும்போதுதான் தெரியும். வெளித்திட்டு வெளிப்பக்கம் சரியவேண்டும், அடியில் நீர்சொட்டும் பள்ளம் வேண்டும்.

ஈரச் சிமெண்ட் பவுடர் கோட்டிங்கைத் தின்னும். பூச்சுவேலை முடியும்வரை பாதுகாப்பு டேப் இருக்கட்டும், முடிந்ததும் உடனே உரித்துவிடுங்கள், வெயிலில் மாதக்கணக்கில் விட்டால் டேப் உருகி ஒட்டிக்கொள்ளும். செங்கல் கழுவுகிறவர் ஸ்பிரிட்ஸ் ஆஃப் சால்ட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) கொண்டுவந்தால் ஜன்னல் அருகே விடாதீர்கள், அலுமினியத்தில் விழும் கறை போகாது. சட்டத்தின் கீழே சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வெளியேற. பூச்சுக்காரர் அதைத் தவறாமல் அடைப்பார். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

11. கடைசியாக

கண்ணாடி பொருத்தியவரிடம் 'என்' (N) பகுதிப்படி செய்ததாகச் சான்றிதழ் வாங்குங்கள். ஒவ்வொரு பாதுகாப்புக் கண்ணாடியின் மூலையிலும் அழியாத முத்திரை இருக்கவேண்டும், பட்டைக்குள் மறைந்திருந்தால் பரிசோதகர் ஏற்கமாட்டார். இவை இருந்தால்தான் குடியேறும் சான்றிதழ் கேட்கலாம். கேட்டபின் நகராட்சிக்கு 14 நாள்.

புது வீட்டில், ஜன்னல் கசிவு மாதிரியான சில்லறைக் குறைகளை ஒப்பந்தக்காரர் சரிசெய்யவேண்டிய காலம், நீங்கள் வீட்டை ஏற்ற நாளிலிருந்து 3 மாதம்தான். கூரைக்கசிவுக்கு ஓராண்டு, பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஐந்தாண்டு. நட்டாலில் மே மாதம் சாவி வாங்கினால் ஆகஸ்டில் அந்த 3 மாதம் முடியும், அதுவரை நல்ல மழையே பெய்திருக்காது. அதனால் சாவி வாங்கிய வாரமே தோட்டத்துக் குழாயை எடுத்து, தென்மேற்குச் சுவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியிலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள், இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு மூலைகளைப் பார்க்கட்டும். நனைந்த இடத்தைத் தேதியோடு படமெடுத்து, அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.